காப்பர் லைன்

"நீங்கதானா அந்த மெசின் பாக்குற அம்மா?"

ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு அந்தப் பெண் கேட்டார். குன்னூரில் ஆடி மாதத்து மழை. குடையை மடக்கி வெளியே சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றார். சேலையின் கீழ்ப்பாதி முழுவதும் நனைந்திருந்தது. அவர் நின்ற இடத்தைச் சுற்றிச் சிமென்டுத் தரையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

நான்தான் என்றேன்.

"எங்க காப்பர் லைனுல என்னா கண்டீங்க?"

எனக்கு ஒரே சந்தோஷம். வேலைக்குச் சேர்ந்து அன்றுவரை ஒருவர்கூட என்னிடம் காப்பர் லைனைப் பற்றிக் கேட்டதில்லை. கூட வேலை பார்த்தவர்களே "எவ்வளவு வந்துச்சு?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த மழையில் ஒருத்தர் தேடி வந்து கேட்கிறாரே என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். படம் போட்டுக் காட்டப் பென்சிலையும் எடுத்துக்கொண்டேன்.

"காப்பர் லைன் ஊதா நிறத்துக்கும் அந்தப் பக்கம் இருக்குதுங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாம என்னா? மருந்து ஸ்டோருக்குப் பின்னாலதானே இருக்கு. கடைசி வீடு எங்களது."

பென்சிலைக் கீழே வைத்தேன்.

லைன், லயம், பாடி

அவர் பெயர் லெட்சுமி. பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். கணவர் ராமையா அதே எஸ்டேட்டில் மருந்தடிப்பவர். காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, கூடலூரில் ஒன்று, ஊட்டியில் ஒன்று என்று மாறி மாறி வந்திருந்தார்.

எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும். அந்த வரிசைக்கு லைன் என்று பெயர். சிலோனிலிருந்து வந்தவர்கள் லயம் என்பார்கள். கூடலூர் தாண்டினால் பாடி என்றும் காதில் விழும். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பெயர் உண்டு. மேல் லைன், ஆத்து லைன், கோயில் லைன்.

தேயிலைக்குக் கொப்புள நோய் வராமலிருக்க மழைக்காலத்தில் காப்பர் மருந்து அடிப்பார்கள். அந்த மருந்து வைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த வரிசைதான் காப்பர் லைன். அங்கே சுவரின் அடிப்பக்கமெல்லாம் மயில் நிறத்தில் கறை ஏறியிருக்கும். மருந்தடிக்கும் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன.

நான் சொன்ன காப்பர் லைன் வேறு. அதைச் சொல்ல என் அப்பாவிடம் போக வேண்டும்.

அப்பாவும் சாயங்கால நிறமும்

கோயமுத்தூரில் அப்பாவுக்குத் துணிக்கடை. சேலை எடுக்க வருபவர்கள் நிறம் பார்த்துத் தடுமாறினால், சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "உள்ள லைட்டுல எதுவும் நெசம் பேசாதுங்க, இங்க வந்து பாருங்க" என்பார். மாம்பழ நிறம் என்று உள்ளே நினைத்தது வெளியே எலுமிச்சையாக இருக்கும்.

நான் கல்லூரியில் நிறமாலையியல் படிக்கிறேன் என்று சொன்னபோது அவர் யோசித்தார். "சாயங்காலத்து நிறத்தைப் பத்தின படிப்புங்களா?" என்று வீட்டுக்கு வந்த மாமா கேட்டதற்கு, ஆமாம் என்று சொல்லிவிட்டார். அந்தி வானத்தைப் பற்றிப் படித்த பெண் என்றே எனக்குக் கொஞ்ச நாள் வரன் பார்த்தார்கள். மாலை என்றால் பூமாலையில் வரும் மாலை என்று நான் திருத்தவே இல்லை. வந்த வரன்கள் அப்படி.

உண்மையில் அப்பா வாசலில் நின்று செய்ததுதான் என் படிப்பு. ஒளி உள்ளதைச் சொல்லும், கேட்கத் தெரிய வேண்டும். சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தில் விட்டால் சிவப்பிலிருந்து ஊதா வரை விரிகிறது. அதுதான் நிறமாலை. ஆனால் ஒரு பொருளைத் தீயில் காட்டி, அதிலிருந்து வரும் ஒளியை மட்டும் விரித்துப் பார்த்தால், எல்லா நிறமும் வருவதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கோடுகள்தான் தெரியும். சோற்று உப்பில் உள்ள சோடியத்துக்கு மஞ்சளில் ஒரு கோடு. அடுப்பில் சோறு பொங்கி வழியும்போது தீ மஞ்சளாகிறதே, அது அந்தச் சோடியம்தான்.

ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் கோடுகள் அதனதன் இடத்தில்தான் இருக்கும். இரும்பின் கோடு தாமிரத்தின் இடத்தில் வராது. சூரியனில் என்ன இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்த்து வரவில்லை. கோடுகளை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஹீலியம் என்ற வாயுவை முதலில் சூரிய ஒளியில்தான் கண்டார்கள், பூமியில் அது கைக்குக் கிடைத்தது பிறகுதான். ஊட்டிக் கடைகளில் விற்கும் தைல எண்ணெயில் கலப்படம் இருந்தால் கண்டுபிடிப்பதும் இதே வித்தையின் இன்னொரு கிளை.

எங்கள் ஆய்வுக்கூடத்து எந்திரம் இதைத் தலைகீழாகச் செய்யும். தாமிரத்தின் ஒளியை மட்டும் தரும் ஒரு விளக்கு அதில் இருக்கும். சோதிக்க வேண்டிய தேயிலையை எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, தீயில் தெளிப்போம். தீயின் ஊடாக விளக்கொளி போகும். கரைசலில் தாமிரம் இருந்தால் தன் ஒளியைத் தானே விழுங்கிக்கொள்ளும். எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு தாமிரம். எந்தக் கோட்டில் வைத்து அளக்கிறோமோ அதைச் சொல்லித்தான் நாங்கள் பேசுவோம். காப்பர் லைன், அயர்ன் லைன், ஜிங்க் லைன்.

நான் அப்பவே நெனச்சனுங்க

அந்த எஸ்டேட்டுத் தேயிலையில் காப்பர் அதிகம் என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் மாதிரி எங்களிடம் வந்தது. நான் பார்த்து முடித்த அன்றே எஸ்டேட்டின் பெரிய கிளார்க் நாச்சிமுத்து டிரங்க் கால் போட்டார். கோயமுத்தூர்க்காரர், என்னைப் போலவே மலைக்கு வேலைக்கு வந்தவர்.

"ஏனுங்க, நெசமாலுமே காட்டுதுங்களா?" என்று கேட்டார்.

"காப்பர் லைன்ல நல்லாப் பலமாக் காட்டுதுங்க" என்றேன்.

"நான் அப்பவே நெனச்சனுங்க" என்று வைத்துவிட்டார்.

அவர் நினைத்தது என்ன என்று லெட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மருந்து கலக்கும் பொறுப்பு ராமையாவுடையது. வேலை சீக்கிரம் முடிய மருந்தைக் கெட்டியாகக் கலந்து அடித்துவிட்டார் என்று முன்பே ஒரு பேச்சு. இப்போது குன்னூரில் மெசினே காப்பர் லைனைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ராமையாவை வேலையிலிருந்து நிறுத்தி, சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. லெட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

உடனே போன் போட்டு, நான் சொன்ன லைன் வேறு என்று நாச்சிமுத்துவிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க. அந்த லைன் வேற, இந்த லைன் வேறங்கறீங்க. ஆனா தேயிலைல காப்பரு இருக்கறது நெசம்தானுங்களே?"

"நெசம்தானுங்க."

"மருந்து கலக்கறது அவன்தானுங்களே?"

எஸ்டேட் மேனேஜரான தொரை முடிவு செய்துவிட்டதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

லெட்சுமிக்குக் கேன்டீனிலிருந்து டீ வரவழைத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கை சூடாக்கிக்கொண்டிருந்தார்.

"அவரு அளந்துதாம்மா கலக்குவாரு. சொன்னா யாரு நம்புறா? சிலோன்ல இருந்தப்ப எங்கள இந்தியாக்காரவங்கன்னாங்க. கப்பல்ல ஏறி இங்க வந்தா சிலோன்காரவங்க. கப்பல விட்டு எறங்கினதும் தங்க வச்ச மண்டபம் கேம்புல எங்கம்மா பொட்டியப் பிரிக்கவே இல்ல. எப்ப கெளம்பச் சொல்வாங்களோன்னு கயித்தோட வச்சிருந்திச்சு. இந்த லயத்துக்கு வந்தப்பறம்தான் நான் அந்தக் கயித்த அவுத்தேன். மறுபடி கட்ட என்னால முடியாதும்மா."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. என் எந்திரம் தாமிரம் இருக்கிறது என்று சொன்னதே தவிர யார் வைத்தது என்று சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் போகிறார்கள். இதைச் சும்மா விடக்கூடாது என்று தோன்றியது.

ரோலர் அறை

மறுநாள் ஆய்வுக்கூடத்து ஜீப்பில் எஸ்டேட்டுக்குப் போனேன். என் யோசனை எளிமையானது. மருந்துதான் காரணம் என்றால் செடியிலிருந்து வரும் கொழுந்திலேயே தாமிரம் அதிகம் இருக்க வேண்டும். ஆகவே கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு கைப்பிடி, வாட வைத்த பிறகு ஒரு கைப்பிடி, ரோலரில் உருட்டிய பிறகு ஒன்று, கடைசியாகத் தயாரான தூள் ஒன்று என்று எல்லா இடத்திலும் எடுத்துக்கொண்டேன்.

நாச்சிமுத்து குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தொரைக்குப் பயந்தவர், அவ்வளவுதான். நடக்கும்போது ஊர்க் கதை பேசினார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, வரப்புத் தகராறு.

"அப்பாரு போட்ட கேசுங்க. அவரும் போயிட்டாரு, எதிராளியும் போயிட்டான். கேசு மட்டும் இருக்குது. எதிரிக்குக்கூட அந்தக் கோட்டுப் படி வேண்டாமுங்க."

கோர்ட்டை எங்கள் பக்கம் கோட்டு என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே அவர் குரல் தணிந்துவிடும்.

ரோலர் அறையில் பச்சை இலை நசுங்கிய வாடை மூக்கில் ஏறியது. நனைந்த கொழுந்தை வட்ட மேசையில் போட்டு எந்திரம் உருட்டிக்கொண்டிருந்தது. மேசையில் பதித்திருந்த பட்டைகள் விளக்கி வைத்த குத்துவிளக்குப் போல மின்னின.

"இது எப்பங்க போட்டது?" என்று கேட்டேன்.

"இந்த சீசனுக்குத்தானுங்க. முச்சூடும் புதுப் பித்தளை. தொரையே நின்னு போட வச்சாருங்க" என்றார் பெருமையாக.

பித்தளையில் பாதிக்கு மேல் தாமிரம். மீதி துத்தநாகம், கடைக்காரர் பாஷையில் ஜிங்க். பட்டையைச் சுரண்டி எடுத்த தூளையும் ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டேன்.

ரெண்டு கோட்டுலயும்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாதி விடை கையில் இருந்தது. செடியிலிருந்து வந்த கொழுந்தில் தாமிரம் சாதாரணமாகத்தான் இருந்தது. வாட வைத்ததிலும் அப்படியே. ரோலரைத் தாண்டியதும் குதித்து ஏறியது.

மீதிப் பாதிக்கு ஜிங்க் பார்க்க வேண்டும். தாமிரத்தோடு ஜிங்கும் சேர்ந்து ஏறியிருந்தால் அது பித்தளையிலிருந்து வந்தது. அவர்கள் அடிக்கும் மருந்தில் ஜிங்க் கிடையாது. அதன் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் எங்கள் ஜிங்க் விளக்கு எரிந்து போயிருந்தது. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இரவல் கேட்டிருந்தேன், திங்கட்கிழமைதான் வரும். வீட்டைக் காலி செய்ய வேண்டியது சனிக்கிழமை.

அவகாசம் கேட்க நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். லைன் என்ற சொல்லை மட்டும் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். பட்ட பாடு போதாதா? நல்ல தமிழில் கோடு என்ற சொல் இருக்கிறதே.

"ஏனுங்க, ஒரு கோட்டுல பாத்தாச்சுங்க. ராமையா பக்கம்தான் நெசம் இருக்கற மாதிரி தெரியுது. இன்னொரு கோட்டுலயும் பாக்கணுமுங்க. அதுவரைக்கும் அவங்கள ஊட்ட உட்டு எறக்கக் கூடாது."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இன்னொரு கோட்டுலயுமுங்களா?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க. அது கோயமுத்தூர்ல இருந்து வரணுமுங்க. ரெண்டு கோட்டுலயும் பாக்காம நான் உடப் போறதில்லீங்க."

"கோயமுத்தூருங்களா?" அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அத்தன தூரம் எதுக்குங்க? நம்ம பேசிக்கலாமுங்க. ராமையா ஊட்டுலயே இருக்கட்டுமுங்க. நான் தொரைகிட்டச் சொல்லிக்கறனுங்க."

போனை வைத்துவிட்டு நான் பூரித்துப் போனேன். அறிவியலுக்கு இவ்வளவு மரியாதையா என்று பக்கத்து மேசைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர்தான், "நீங்க என்ன சொன்னீங்க, மறுபடி சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்.

திங்கட்கிழமை விளக்கு வந்தது. கையோடு பார்த்தேன். ரோலருக்கு முன்னால் அடங்கி இருந்த ஜிங்க், ரோலரைத் தாண்டியதும் தாமிரத்தோடு கைகோத்து ஏறியிருந்தது. சுரண்டி வந்த பித்தளைத் தூளிலும் அதே ஜோடி. ராமையா அளந்துதான் கலந்திருக்கிறார். தொரை நின்று போட வைத்த புதுப் பித்தளைதான் இலைச்சாற்றில் கரைந்து தேயிலையில் இறங்கியிருக்கிறது.

நாச்சிமுத்துவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப கோட்டு வேல முடிஞ்சுதுங்களா?" என்பதுதான்.

"முடிஞ்சுதுங்க" என்றேன். அவர் விட்ட பெருமூச்சு டிரங்க் காலிலும் தெளிவாகக் கேட்டது. என்ன கோடு என்று நான் விளக்கப் போகவில்லை. லைனை விளக்கி எனக்கு என்ன கிடைத்தது?

பித்தளைப் பட்டைகளைக் கழற்றிவிட்டு எவர்சில்வரில் போட்டார்கள். ராமையா மறுபடி வேலைக்குப் போனார்.

மூன்று பச்சைக் கோடுகள்

மழை விட்ட பிறகு ஒரு நாள் லெட்சுமியும் ராமையாவும் குன்னூருக்கு வந்தார்கள். ஒரு பை நிறைய இஞ்சி. ராமையா அதிகம் பேசாதவர். கிளாக்கர் ஐயா நாச்சிமுத்து இப்போதெல்லாம் தன்னைப் பார்த்தால் முதலில் தானே கும்பிடுகிறார் என்பதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

லெட்சுமிக்கு ஒரே ஒரு ஆசை. "அந்த லைன ஒரு வாட்டி காட்டுங்கம்மா. அதனாலதானே இத்தன பாடு."

அளக்கும் கோடு கண்ணுக்குத் தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் தாமிரத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற கோடுகளும் உண்டு. காப்பர் விளக்கைப் போட்டு, ஒளியை விரித்துக் காட்டும் ஒரு சின்னக் குழாயை அவர் கையில் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"செவப்பா ஏகப்பட்டது நிக்குதே?"

"அது வெளக்குக்குள்ள அடைச்ச வாயுங்க. அதத் தாண்டிப் பச்சைல பாருங்க."

"மூணு கோடு. கிட்டக் கிட்ட."

"அதுதானுங்க காப்பர்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார் ராமையா. லெட்சுமி கண்ணை எடுக்கவில்லை.

"சிலோன் காப்பரா இருந்தாலும் இதே எடத்துலதான் நிக்குமா?"

"எங்க இருந்து கொண்டு வந்தாலும் அதே எடந்தானுங்க."

"சூரியன்லயும் காப்பரு இருக்காம்மா?"

"இருக்குதுங்க. அங்கயும் இதே எடந்தான்."

"யாரும் மாத்த முடியாதா?"

"முடியாதுங்க."

குழாயைக் கண்ணிலிருந்து எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"குடுத்து வச்சது" என்றார்.